அக்குள் முடிச்சு

குமுஷின் முன்பற்கள் தேய்ந்து போனதற்குத் தோல் வார்தான் காரணம். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு நுனியைத் தகட்டின் துளைக்குள் விட்டு இழுப்பாள். வாயில் வார் இருக்கிற நேரம் மட்டும் அவள் யாரையும் திட்டமாட்டாள் என்று தலாஸ் ஆற்றங்கரைக் கூடாரங்களில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். வாரைக் கடித்துக்கொண்டே திட்டுவாள். யாரை என்பதுதான் விளங்காது.

அவள் பிறந்தது தெற்கே, இரும்பு தோண்டும் மலையடிவாரத்தில். அங்கே ஆண்கள் தகடு அடிப்பார்கள், பெண்கள் கோப்பார்கள். விரல் நீளத் தகடுகள். ஒன்றின் விளிம்பு அடுத்ததின் மேல் ஏறும்படி வரிசையாகக் கோத்து, வரிசைக்குக் கீழே வரிசை தொங்கவிட்டால் தகட்டுச் சட்டை. கோப்பதை யாரும் கோக்கலாம், சட்டையின் லட்சணம் அது மூடுகிற இடத்தில்தான் தெரியும் என்பது குமுஷின் கட்சி.

"அம்பு தகட்டைத் தேடியா வருது? இடுக்கைத் தேடி வருது. இடுக்கைப் பாரு முதல்ல" என்பாள்.

மருமகளாக இந்தக் கூட்டத்துக்கு வந்தபோது கொண்டுவந்தது ஒரு எலும்பு ஊசி, ஒரு பழுப்புக் குதிரை, அப்புறம் அந்த வாய். புருஷன் பார்ஸ் நல்லவன். குடித்தால் பாடுவான், அவன் பாடினால் நாய்கள் எழுந்து போய்விடும். பிள்ளை தங்கவில்லை. ஆனாலும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும்.

இங்கே சட்டைகள் எல்லாம் வலது விலாவில் திறக்கும், அக்குளில் தொடங்கி இடுப்பு வரை. தோள் வாரை அவனவன் மாட்டிக்கொள்ளலாம். இடுப்பு வாரும் அப்படியே. அக்குளுக்குக் கீழே இருக்கிற கட்டு மட்டும் தன் கைக்கு எட்டாது. சட்டையின் கனத்தில் கை அவ்வளவு மடங்காது. அதனால் தலைவர் கூடாரத்தில் படை முரசு அடித்ததும் ஒவ்வொருவனும் விலாவைத் திறந்து போட்டுக்கொண்டு வெளியே வந்து நிற்பான். பெண்டாட்டி வந்து எல்லாரும் பார்க்கக் கடைசி முடிச்சைப் போடுவாள். கல்யாணமாகாதவனுக்கு அம்மா போடுவாள். போட்டவள்தான் அவிழ்க்க வேண்டும், அவன் திரும்பி வந்த பிறகு. வேறு கை படக்கூடாது. அதனால் பெண்கள் முட்டி வெளுக்க இழுத்து முடிவார்கள். முடிச்சு தளர்ந்திருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

குமுஷின் முடிச்சு ஊரிலேயே இறுக்கமானது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் பனி உருகுகிற நாளில், ஆற்றைக் கடக்கும்போது பார்ஸின் குதிரை சறுக்கியது. வழியனுப்பப் போன குமுஷ் இந்தக் கரையில் நின்றிருந்தாள். கூட இருந்தவர்கள் கரையேறிவிட்டார்கள். அவன் தண்ணீருக்குள் தன் விலாவைப் பிறாண்டிக்கொண்டிருந்ததை அவர்கள் பார்த்தார்கள். கை எட்டினாலும் பிரயோசனமில்லை. நனைந்த தோல் முடிச்சு கல் மாதிரி ஆகிவிடும். ஆற்றின் அடுத்த வளைவில் கிடைத்தான். கூடாரத்துக்குச் சட்டையோடுதான் கொண்டுவந்தார்கள். குமுஷ் கத்தி வைத்து அறுக்க வேண்டியிருந்தது.

இழவுக்கு வந்த கிழவிகள் அந்த முடிச்சைப் பார்த்து மெச்சினார்கள். "அந்த வெள்ளத்துலயும் அசையலையே! என்னா கட்டு, என்னா கட்டு!"

அறுத்த வாரை அடுப்பில் போட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான். "இனிமே எந்த ஆம்பளை அக்குளுக்கும் என் கை போகாது."

சொல்வது எளிது. செத்தவனின் தம்பிக்குத்தான் விதவை என்பது இங்கத்து வழக்கம். அதற்காக யாரும் பெண் கேட்டு வருவதில்லை. படை முரசு அடிக்கும் நாளில் தம்பிக்காரன் விலாவைத் திறந்து போட்டுக்கொண்டு அவள் கூடார வாசலில் வந்து நிற்பான். அவள் கட்டித்தான் ஆக வேண்டும். ஒருவனைத் திறந்த விலாவோடு சண்டைக்கு அனுப்பியவள் என்று பெயர் எடுக்க எவளுக்குத் துணிச்சல் வரும்? கட்டிய கணத்தில் அவள் அவன் பெண்டாட்டி. கூடாரம், ஆடு, குதிரை, அவள் கைவேலை எல்லாம் அவனுடையது.

பார்ஸுக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் புக்கா. கல்யாணம் ஆகவில்லை, தாயும் இல்லை. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. நல்ல பல் வரிசை, நன்றாகக் குதிரை ஓட்டுவான், எதற்கும் சிரிப்பான். ஆனால் வெயில் கூரைத் துவாரம் வழியாக மூஞ்சியில் விழுந்த பிறகுதான் எழுந்திருப்பான். அவன் ஆடுகளை யாரோ மேய்ப்பார்கள், அவன் பாலை யாரோ கறப்பார்கள். இரண்டு வருடமாகப் படை கிளம்பவில்லை. குமுஷ் நிம்மதியாக இருந்தாள். இந்த வசந்தத்தில் புல் முளைத்ததும் முரசு அடிக்கும் என்று பேச்சு வந்தது.

பேச்சு வந்த மறுநாளே புக்கா வந்துவிட்டான். கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்காமலேயே காய்ந்த தயிர்க்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"மதினி, எனக்கு ஒரு சட்டை வேணும்."

குமுஷ் வாரைக் கடித்தபடி கேட்டாள். "உங்கப்பன் சட்டை எங்க?"

"வார் பூரா எலி தின்னுடுச்சு."

"எலிக்காவது காலையில எந்திரிச்சு வேலை பாக்கணும்னு இருக்கு."

புக்கா சிரித்தான். "திட்டுங்க, திட்டுங்க. இந்தத் தடவை நான் பத்துப் பேருக்குத் தலைவன், தெரியுமா? நம்ம தலைவர் சுங்குரே சொல்லிட்டாரு. பத்துப் பேருக்கு முன்னால எலி தின்ன சட்டையோடயா போவேன்? உங்களுக்கும் கௌரவம் வேணாமா, நாளைக்கு..." என்று இழுத்து நிறுத்தினான்.

"நாளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு வெயில் அடிக்கும்னு சொல்ல வந்தேன்."

அவன் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையிலிருந்து தொடை வரை நடுவாக விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான்.

"இப்படி வேணும். முன்னாடி திறக்கணும். சோக்திய ஊர்ச் சந்தையில பாத்தேன், அவங்க குதிரைக்காரங்க எல்லாம் இப்படித்தான் போட்டிருக்காங்க. அங்கி மாதிரி. நடந்தா ரெண்டு பக்கமும் பளபளன்னு ஆடுது மதினி! நம்மாளுங்க பீப்பாய்க்குள்ள விழுந்தவன் மாதிரி போறாங்க. உங்களால முடியுமா?"

குமுஷ் வாயிலிருந்து வாரை எடுத்தாள். சற்று நேரம் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனுக்கு இன்னொரு தயிர்க்கட்டி எடுத்துக் கொடுத்தாள். அவள் கையால் அப்படிக் கொடுத்து அவன் பார்த்ததில்லை.

"முடியும்" என்றாள். "செஞ்சு தர்றேன்."

அடுத்த கூடாரத்துச் சிச்செக்தான் முதலில் புரிந்துகொண்டாள். அவள் குமுஷோடு பேசியபடியே பால் கறப்பவள். புருஷன் இருக்கிறவள். மூன்று பிள்ளைக்காரி. கறந்துகொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"முன்னாடி திறந்தா... அக்குள்ல கட்டே கிடையாதேடி!"

"கத்தாத. மடி சுருங்கிடும்."

"அந்தக் கூமுட்டைக்குத் தெரியலையா?"

"சந்தையில சட்டையைப் பாத்தான். அதைப் போட்டிருந்தவனுக்கு எவ மூடிவிட்டாள்னு பாக்கல."

சிச்செக் குரலை இறக்கினாள். "ஏன்டி, நிஜமாவே வேணாமா? அவனுக்கு என்ன குறை? வயசுப் பய. குளிர்காலத்துல ஒண்டிக்கட்டையா கிடக்க, சூடா ஒரு ஒடம்பு பக்கத்துல இருந்தா ஆகாதா?"

"சூட்டுக்கு நாய் இருக்கு. நாய் என் ஆட்டை விக்கக் கேக்காது. எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்கும்." பிறகு கொஞ்சம் நிதானித்துச் சொன்னாள். "அவன் மேல எனக்குக் கோபமில்லடி. ஆனா அவனைக் கட்டி அனுப்பிட்டு, ஆத்தங்கரையில போய் நிக்க என்னால ஆகாது. ஒரு தடவை நின்னாச்சு."

சட்டையை அவள் தன் வாழ்க்கையிலேயே இல்லாத கவனத்தோடு செய்தாள். நடுவில் திறக்கிற சட்டைக்கு நடுவில்தான் ஆபத்து. அதனால் இடது பக்கத்து விளிம்பு வலது பக்கத்தின் மேல் ஒரு கை அகலம் ஏறும்படி வைத்தாள். எதிராளியின் ஈட்டி இடது பக்கமிருந்துதான் வரும், வந்தால் விளிம்பில் மாட்டாமல் வழுக்கிப் போகும். தோல் வாரை மூடுகிற இடத்தில் அடியோடு சேர்க்கவில்லை. குதிரை வால் மயிரை முறுக்கிக் கண்ணிகள் செய்தாள். மயிர் தண்ணீர் குடிக்காது, உப்பாது. ஆட்டுக் கால் எலும்பைச் சின்னச் சின்னக் குச்சிகளாகத் தேய்த்து, நடுவில் பள்ளம் எடுத்து, மறுபக்கம் தைத்தாள். குச்சியைப் படுக்க வைத்துக் கண்ணிக்குள் நுழைத்து நிமிர்த்தினால் மூடிக்கொள்ளும். கட்டைவிரலால் தட்டினால் திறந்துகொள்ளும்.

முடித்த அன்று தானே அதை மாட்டிக்கொண்டு நேராக ஆற்றுக்குள் இறங்கினாள். பனித் தண்ணீர். இடுப்புவரை போனதும் நின்று, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மறு கையால் மேலிருந்து கீழே தட்டினாள். சட்டை இரண்டாகப் பிளந்து தோளிலிருந்து வழிந்தது. அதை வாரிக்கொண்டு கரையேறி, உதடு நீலமாகக் கூடாரத்துக்குள் போனாள். பார்த்தவர்கள் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

புக்காவிடம் கொடுத்தபோது, "தினமும் ஒரு தடவை போட்டு மூடிப் பழகு. கீழேயிருந்து மேல மூடணும். கேக்குதா?" என்றாள்.

"ஒரு சட்டை மூட பழக வேறயா!" என்று சொல்லி, அதைச் சேணத்தின் மேல் போட்டுக்கொண்டு போனான். பழகவில்லை. தூங்கினான்.

முரசு அடித்த நாளில் காற்று பலமாக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், ஒருத்தி குனிந்து பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சிச்செக்கும் தன் புருஷனுக்கு முடிந்துகொண்டிருந்தாள். "மூச்சு முட்டுதுடி" என்றவனிடம் "திரும்பி வந்து மூச்சை விடு" என்றாள்.

புக்கா வந்தான். அவன் முட்டாள் என்று நினைத்தது கொஞ்சம் அவசரம்தான். இத்தனை நாளில் யாரோ அவன் காதில் ஓதியிருக்க வேண்டும், அல்லது தூக்கத்திலேயே தோன்றியிருக்க வேண்டும். தோள் வாரை மட்டும் மாட்டிக்கொண்டு, சட்டையின் நடுவை அகலத் திறந்து போட்டபடி குமுஷின் வாசலில் வந்து நின்றான். உள்ளே போட்டிருந்த மேலங்கி காற்றில் படபடத்தது. தகடுகள் பளபளவென்று ஆடின. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"திறந்துதான் நிக்கிறேன் மதினி. வழக்கம் வழக்கம்தான். மூடி அனுப்புங்க."

பக்கத்து வாசல்களில் முடிச்சுப் போட்ட கைகள் நின்றன. தலைவர் சுங்குர் குதிரையை நிறுத்திவிட்டார்.

குமுஷ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உன் கை ரெண்டும் எங்க?"

"இங்கதான் இருக்கு."

"எங்க, தூக்கு. மூக்கைத் தொடு. ம். வயித்தைத் தொடு. எட்டுதா?"

"எட்டுது..."

"கை எட்டாத இடத்துக்குத்தான்டா பொண்ணு வேணும். இது உன் மூக்குக்குக் கீழ இருக்கு. இதுக்கும் நான் வரணும்னா நாளைக்கு நீ மூக்கு சிந்துறதுக்கும் நான்தான் வரணும். பத்துப் பேருக்குத் தலைவனாம், நெஞ்சை மூட ஆள் தேடுறான்!"

சிரிப்பு கூடாரம் கூடாரமாகப் பரவியது. அவன் பத்துப் பேரில் ஒருவன், "தலைவரே, நான் வேணா மூடிவிடவா? ஆனா பெண்டாட்டியா வரமாட்டேன்" என்று கத்தினான். சுங்குர் தாடியைத் தடவினார்.

"எட்டுதுல்ல, மூடுடா. முரசு நிக்காது."

புக்கா சிவந்து போய் மூடினான். அவசரம். மேலேயிருந்து தொடங்கினான். முதல் குச்சியை இரண்டாவது கண்ணியில் விட்டான். அப்படியே ஒவ்வொன்றும் தப்பிக்கொண்டே போயிற்று. கடைசியில் அடியில் ஒரு குச்சி கண்ணி இல்லாமல் நின்றது. சட்டை ஒரு பக்கம் ஏறி, தொண்டையில் உள்ளங்கை அளவு வாய் பிளந்து நின்றது.

குமுஷின் இரண்டு கைகளும் தாமாகவே எழுந்தன.

ஊரே அதைப் பார்த்தது. புக்காவும் பார்த்தான். அவன் சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது. சரி செய்ய முயலவில்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கழுத்தைக் காட்டியபடி நின்றான்.

"எனக்கு இவ்வளவுதான் வருது மதினி. சரியில்லன்னா நீங்க சரி பண்ணுங்க. இல்லன்னா இப்படியே போறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. குதிரைப் பக்கம் திரும்பி அங்கவடியில் காலும் வைத்தான். அந்தப் பிளவு வழியாகத் தொண்டைக்குழி துடிப்பது தெரிந்தது. பார்ஸுக்கும் அதே குழி, அதே மாதிரி ஆழம்.

ஒரு குச்சி. தொட்டால் போதும். தொட்டால் மூடியவள் அவள். தொடாவிட்டால் அவள் செய்த சட்டையே அவனுக்கு எமன்.

குமுஷ் தன் இரண்டு கைகளையும் தன் அக்குளுக்குள்ளேயே செருகிக்கொண்டாள்.

"புக்கா. காலை இறக்கு" என்றாள். குரலில் கிண்டல் இல்லை. அவன் இறக்கிவிட்டான். "உங்கண்ணனை என் கையால கட்டித்தான் அனுப்பினேன். நல்லாத்தான் கட்டினேன். ஊரே மெச்சுச்சு. தண்ணிக்குள்ள அவன் கையால அவுக்க முடியல. நான் கரையில இருந்தேன். உன்னை நான் மூடினா நீயும் என்னை எதிர்பாத்துத்தான் இருப்ப, அங்க நான் இருக்கமாட்டேன். மூடவும் திறக்கவும் உன் கைக்குத் தெரிஞ்சாகணும். அது தெரியாம நீ போனா நான் அழமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

புக்கா அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அவள் அக்குளில் செருகியிருந்த கைகளை. அவன் சிரிப்பு போய்விட்டது. எல்லாக் குச்சிகளையும் கழற்றினான்.

"கீழேயிருந்து" என்றாள் அவள்.

அவன் குனிந்தான்.

"இடது பக்கம் மேல வரணும். இடதுடா! சோறு தின்னாத கை. ம். குச்சியைப் படுக்கப் போடு, நுழை, நிமித்து. அடுத்தது. வயித்தை எக்கு, தயிர்க்கட்டி தின்ன வயிறு. அடுத்தது. விடாத, எண்ணிக்கிட்டே வா."

ஒவ்வொன்றாக ஏறி வந்தான். கடைசிக் குச்சி தொண்டைக்குக் கீழே மாட்டியதும் இரண்டு விளிம்பும் பொருந்தி, தகடுகள் ஒரே ஓட்டமாக நின்றன. கத்தி நுழைய இடமில்லை.

"இப்ப ஒத்தக் கையால திற."

கட்டைவிரலால் கீழ்நோக்கித் தட்டினான். ஒரு தும்மல் போடும் நேரத்தில் சட்டை பிளந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்ற ஆண்களில் இரண்டு மூன்று பேர் தங்கள் அக்குளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். சிச்செக்கின் புருஷன் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். "என்ன பார்வை?" என்றாள் சிச்செக், ஆனால் போட்ட முடிச்சைக் கொஞ்சம் நெகிழ்த்தினாள்.

புக்கா சொல்லாமலேயே மறுபடி கீழேயிருந்து மூடினான். இம்முறை குனிந்து பார்க்கவில்லை. குதிரையில் ஏறினான்.

"போய்ட்டு வரேன் மதினி."

"வா" என்றாள். அவர்கள் மேட்டைத் தாண்டிய பிறகுதான் கைகளை வெளியே எடுத்தாள்.

அன்றிலிருந்து முதல் பனி விழும் வரை ஊர்ப் பெண்கள் அவளோடு சரியாகப் பேசவில்லை. புருஷன் வாசலில் நின்று கையைத் தூக்குகிற அந்த ஒரு நிமிஷத்தையும் கெடுத்துவிட்டாள் என்று ஆற்றாமை. குமுஷ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவன் ஊர்ல இருக்கிற நாள் பூரா கையைத் தூக்க வைக்க உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

படை திரும்பியது. எல்லாரும் திரும்பவில்லை, என்றைக்குமே எல்லாரும் திரும்புவதில்லை. புக்கா திரும்பினான். கன்னத்தில் புதுத் தழும்பு, தாடி வளர்ந்திருந்தது. சட்டை உடம்பிலேயே இருந்தது. பின்னால் அவன் ஆட்கள் இரண்டு பேர் தங்கள் பழைய சட்டைகளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய பெண்டாட்டிமாரும் கூட வந்திருந்தார்கள், சண்டை போடத் தயாராக.

"மதினி, மூணாவது கண்ணி பிஞ்சுடுச்சு" என்றான் புக்கா. "பாருங்க." நெஞ்சை நீட்டினான்.

"கழட்டிக் கொடு. உடம்புல இருக்கிறதை நான் தொடமாட்டேன்."

"இன்னுமா?"

"இன்னும்தான்."

புக்கா கட்டைவிரலால் தட்டித் திறந்து, சட்டையைக் கழற்றி அவள் முன்னால் கம்பளத்தில் வைத்தான். அவள் அதை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு எலும்புக் குச்சி இருந்த இடத்தில் ஆற்றோரச் செடியின் குச்சி ஒன்று செதுக்கித் தைக்கப்பட்டிருந்தது. நடுவில் பள்ளம்கூட எடுத்திருந்தது.

"இதை யாரு போட்டது?"

"நான்தான். வழியில உடைஞ்சுபோச்சு."

குமுஷ் அதைப் பல்லில் கடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"அசிங்கமா இருக்கு" என்றாள். "ஆனா நிக்குது. இருக்கட்டும், மாத்த வேணாம்."

பிறகு மூன்றாவது கண்ணிக்கு மயிரை முறுக்கத் தொடங்கினாள். பின்னால் நின்ற இரண்டு பேரையும் தலையசைத்து உள்ளே கூப்பிட்டாள். பெண்டாட்டிமாரைப் பார்த்து, "நீங்களும் வாங்கடி, வெளிய நின்னு முறைக்காதீங்க. கழுத்துக் கண்ணி ஒண்ணை மட்டும் உங்களுக்கு விட்டு வைக்கிறேன், நீங்க மாட்டுங்க. அவங்க கைக்கும் எட்டும், சரிதானே?" என்றாள்.

"சரிதான்" என்றாள் ஒருத்தி, இன்னும் முறைத்துக்கொண்டே, உட்கார இடம் தேடியபடி.